கடைசிப் பெயர்: அதெல்லாம் இல்லை

"சாவியை விடு. கவரை எடு," என்றாள் கமா.

பார்சலுக்குச் சப்பென்று போய்விட்டது. மேஜையில் கிடந்த அந்தச் சாவியைத்தான் அவன் இவ்வளவு நேரமாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பூதக்கண்ணாடி அவன் சொந்தச் செலவு. கமாவின் துப்பறியும் அலுவலகத்தில் சேர்ந்த அன்றே ஆசையாக வாங்கியது. இதுவரை அதை வைத்து அவன் கண்டுபிடித்தது தன்னுடைய கைரேகையை மட்டும்தான்.

இங்கே வருவதற்கு முன் அவன் ஒரு கூரியர் கம்பெனியில் மாடி மாடியாக ஏறி இறங்கியவன். பார்சல் என்ற பெயர் அப்போதே ஒட்டிக்கொண்டது. கமாவின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. பல வருடம் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்தியவள். எழுதியதில் ஆகட்டும், பேச்சில் ஆகட்டும், தப்பு கண்ணில் பட்டால் நடுவிலேயே கையைத் தூக்கி நிறுத்திவிடுவாள். யாரையும் முற்றுப்புள்ளி வரைக்கும் போக விடமாட்டாள். எழுத்தாளர்கள் கடுப்பில் வைத்த பெயர் அது. இப்போது போலீஸ்காரர்களும் அதே கடுப்போடு அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள் பட்டு. பல்செட் செய்கிற லேபில் வேலை. நக இடுக்கில் ரோஸ் நிற மெழுகு ஒட்டியிருந்தது. நேற்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், கதவுக்கு அடியில் இந்தக் கூரியர் கவர் கிடந்திருக்கிறது. உள்ளே கடிதம் கிடையாது. ஒரே ஒரு சாவி. அதில் கோத்திருந்த நீலமணியைப் பார்த்ததுமே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மணியைக் கோத்ததே அவள்தான். அடித்து நொறுக்கிய கணவனை விட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு அவள் வெளியேறிய வீட்டின் சாவி அது.

"இது மூணாவது வீடு மேடம்," என்றாள். "முதல் வீட்டுக்கு வந்து கதவை உடைச்சார். அடுத்த வீட்டுக்கும் வந்தார். அவர் என் பக்கமே வரக்கூடாதுன்னு கோர்ட்டுல உத்தரவு வாங்கினேன். அது வெறும் காகிதம்தானேன்னு பயந்து, வீட்டையும் மாத்தி போன் நம்பரையும் மாத்தினேன். இந்த விலாசத்தை ஒரு ஈ காக்காய்க்குக்கூட நான் சொல்லலை."

"பேசாம இன்னொரு வீடு பார்த்துடலாம்," என்றான் பார்சல். "சந்து பொந்து எல்லாம் எனக்கு அத்துப்படி."

"மாட்டேன்."

சொன்ன விதத்தில் பார்சல் வாயை மூடிக்கொண்டான். அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

"மூட்டை கட்டிக் கட்டி, அட்டைப்பெட்டியைப் பார்த்தாலே என் பொண்ணு அழுதுடுறா. இனிமே ஒரு கரண்டியைக்கூட நான் நகர்த்த மாட்டேன். எந்த ஓட்டை வழியா என் விலாசம் வெளிய போச்சுன்னு எனக்குத் தெரியணும். அது தெரியாம எங்க போனாலும் அந்த ஓட்டையும் கூடவே வரும்."

கமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். பட்டுவை அவளுக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

"பார்சல், கவர் மேல இருக்கிறதைப் படி."

"பட்டு அதெல்லாம் இல்லை, மூணாவது மாடி..." அவன் நிறுத்தினான். "என்னக்கா இது? பட்டு அதெல்லாம் இல்லைன்னா, அப்ப பருத்தியா?"

பட்டு கவரைப் பிடுங்கிப் பார்த்தாள். "நான் இதைக் கவனிக்கவே இல்லையே! சாவியைப் பார்த்ததும் எனக்குக் கண்ணே இருட்டிடுச்சு."

"உங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்ற ஆளா?" என்று கேட்டாள் கமா.

"அவருக்குக் கை மட்டும்தான் பேசும்."

"அப்ப இது அவர் மூளையில உதிச்சது இல்லை. தப்பு தானா பிறக்காது. மூலப் பிரதியில இருந்தாத்தான் அச்சுல வரும். பார்சல், கூரியர்ல இந்த லேபிளை யார் அடிப்பாங்க?"

"கவுன்ட்டர்ல இருக்கிறவன். போன்ல நீங்க எதைக் காட்டுறீங்களோ அதை ஒரு எழுத்து மாத்தாம அடிப்பான். யோசிக்கிறதுக்கு அவனுக்குச் சம்பளம் கிடையாது. நானே ஒரு தடவை 'நாய் ஜாக்கிரதை' அவர்களுக்கு ஒரு பொட்டலம் கொண்டு போனேன்."

"வாங்கினாரா?"

"வாங்கினாரு. என் பேன்ட்டையும் சேர்த்து."

கமா சிரிக்கவில்லை. பட்டுவின் பக்கம் திரும்பினாள். "எங்கயோ ஒரு இடத்துல உங்க முழுப் பேரே இப்படித்தான் பதிவாகியிருக்கு. வெப்சைட்ல பேர் கேக்கும்போது முதல் பெயர், கடைசிப் பெயர்னு ரெண்டு கட்டம் வருமே, அந்தக் கடைசிக் கட்டத்துல என்ன போடுவீங்க?"

"அப்பா பேரைப் போடுவேன். இல்லாட்டி வெறும் இனிஷியல்..." பட்டு சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ! ஒரே ஒரு இடத்துல மட்டும். நிஜப் பேரைக் கொடுக்கப் பயந்து, வீட்டுல கூப்பிடுற பேரைப் போட்டேன். அப்பா பேரைப் போட்டா ஆளைக் கண்டுபிடிச்சுடுவாங்கன்னு அடுத்த கட்டத்தை வெறுமையா விட்டேன். சிவப்பாக் கோடு போட்டு, கட்டாயம்னுச்சு. புள்ளி வெச்சேன், ஏத்துக்கலை. நமக்கு ஏது மேடம் கடைசிப் பேரு? இருக்கிறதே ஒண்ணுதான். ஆத்திரத்துல 'அதெல்லாம் இல்லை'ன்னு அடிச்சேன். நன்றின்னு சொல்லி உள்ள விட்டுடுச்சு."

"எந்த வெப்சைட்?"

பட்டுவின் முகம் வெளுத்துவிட்டது.

"வாசக்கதவுக்குப் பூட்டு வாங்கினேன் மேடம். அந்தப் பூட்டுக் கம்பெனி."

* * *

பூட்டுக் கம்பெனியின் அலுவலகத்தில் ஓர் அறைக்கும் பூட்டு இல்லை. சுவர் முழுக்கக் கண்ணாடி. கை வைத்தால் தானாகத் திறக்கிற கதவுகள். "ஊரான் வீட்டுக்குத்தான் பூட்டு போல," என்று முணுமுணுத்தான் பார்சல்.

அவர்களை வரவேற்றவருடைய சட்டைப்பை அட்டையில், வாடிக்கையாளர் உறவு மேலாளர் என்று இருந்தது.

"உறவுன்னா எந்த வழியில சார்? மாமா முறையா, சித்தப்பா முறையா?"

மேலாளர் காதில் வாங்காதது போல் மூவருக்கும் நாற்காலியைக் காட்டினார். கமா விஷயத்தைச் சொன்னதும், மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பது போல் தொடங்கினார். "வாடிக்கையாளரோட தகவல் எங்களுக்கு உயிர் மாதிரி மேடம். பேர், விலாசம், போன் நம்பர், எந்தக் கருவியில இருந்து வர்றாங்க, எந்த இடத்துல இருந்து பார்க்கிறாங்க, எதை எவ்வளவு நேரம் பார்த்தாங்க, இவ்வளவுதான் சேகரிக்கிறோம். எல்லாம் அவங்க அனுபவத்தை மேம்படுத்தத்தான்."

"பூட்டு வாங்குறதுல என்ன சார் அனுபவம்?" என்றான் பார்சல். "திறக்கும், மூடும்."

"எல்லாமே எங்க தனியுரிமைக் கொள்கையில விவரமா இருக்கு. படிச்சுட்டு ஒப்புக்கிட்டுத்தான் டிக் பண்ணியிருக்காங்க."

"நான் அதைப் படிச்சேன்," என்றாள் கமா.

மேலாளர் திடுக்கிட்டார். அதைப் படித்த ஒருவரை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று பார்சலுக்குத் தோன்றியது.

"வர்ற வழியில டாக்ஸியிலதான் படிச்சேன். 'பாதுகாக்கிறோம்' நிறைய தடவை வருது. 'எப்படி'ங்கிற வார்த்தை ஒரு இடத்துலயும் இல்லை. சந்திப்பிழையும் ஏகப்பட்டது, அது கிடக்கட்டும். உங்க விசிட்டிங் கார்டு ஒண்ணு கொடுங்க."

கொடுத்தார். கமா பார்சலின் போனை வாங்கி அந்தக் கம்பெனியின் வெப்சைட்டைத் திறந்தாள். 'உங்கள் பூட்டு எங்கே வந்துகொண்டிருக்கிறது?' என்று ஒரு பக்கம். கீழே போன் நம்பருக்கு ஒரு கட்டம். கடவுச்சொல்லும் கேட்கவில்லை, நீ யார் என்றும் கேட்கவில்லை. கார்டில் இருந்த நம்பரை அடித்து, போனை மேலாளர் பக்கம் திருப்பி வைத்தாள். பார்சல்தான் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தான்.

"பேர் இருக்கு, வீட்டு நம்பர் இருக்கு, தெரு இருக்கு. பீரோ பூட்டு ஒண்ணு வாங்கியிருக்கீங்க. டெலிவரி ஆளுக்கு ஒரு குறிப்பு வேற: 'பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டோம்.' அடடா! திருடனுக்கு இதுக்கு மேல என்ன சார் வேணும்? ஒரு வாய் காபியா?"

மேலாளர் போனைக் கவிழ்த்து வைத்தார். காது மடல் சிவந்துவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "இதை... இதை உடனே மூடச் சொல்றேன் மேடம்."

"மூடுங்க. எத்தனை பேர் விலாசம் இப்படித் திறந்து கிடந்ததோ அத்தனை பேருக்கும் நீங்களே சொல்லுங்க. சொல்லாட்டி நான் சொல்லுவேன், பேப்பர்ல. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். பார்க்க வர்றவங்க எந்தக் கருவியில வர்றாங்கன்னு சேகரிக்கிறதாச் சொன்னீங்களே. இந்தப் பொண்ணோட நம்பரை அடிச்சுப் பார்த்தது யாரு?"

மேலாளர் முதுகை நிமிர்த்தினார். போன மானத்தில் கொஞ்சம் திரும்பி வந்துவிட்டது. "மன்னிக்கணும். அது அவரோட தனிப்பட்ட தகவல். எங்க கொள்கைப்படி யாருக்கும் கொடுக்க மாட்டோம்."

அதுவரை பேசாமல் இருந்த பட்டு எழுந்து நின்றாள்.

"என்னைத் தேடினவன் யாருன்னு சொல்ல மாட்டீங்க. நான் எங்க இருக்கேன்னு மட்டும் தேடுறவனுக்கெல்லாம் சொல்லுவீங்க. நல்லா இருக்கு சார் உங்க கொள்கை! உங்க பூட்டை நம்பித்தான் என் பொண்ணு ராத்திரி கண்ணை மூடுறா, தெரியுமா? இப்ப நான் சொல்றேன், கேட்டுக்கோங்க. நான் போலீஸுக்கும் போவேன், கோர்ட்டுக்கும் போவேன். அங்க வந்து இந்தக் கொள்கையைப் படிச்சுக் காட்டுங்க."

பார்சலுக்குக் கை தட்ட வேண்டும் போல் இருந்தது. கமா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போலீஸ் கேட்டா நீங்க கொடுத்துத்தான் ஆகணும்," என்றாள் மேலாளரிடம். "அதுக்கு நாளாகும். அதுவரைக்கும் எனக்கு ஒரு உதவி செய்ங்க. மத்தவங்க பக்கத்தையெல்லாம் இப்பவே மூடிடுங்க. இவங்க ஒருத்தரோட பக்கத்தை மட்டும் விட்டுவைங்க. அதுல இருக்கிற விலாசத்தை எடுத்துட்டு, நான் சொல்ற விலாசத்தைப் போடுங்க."

அவள் சொன்னது தன் அலுவலகத்தின் விலாசம்.

* * *

"உங்க பக்கத்தைப் பார்க்கணும்னா ரெண்டு விஷயம் தெரிஞ்சிருக்கணும்," என்றாள் கமா, படியிறங்கும்போது. "ஒண்ணு உங்க புது நம்பர். இன்னொண்ணு, நீங்க இந்தக் கம்பெனியில பூட்டு வாங்கினது. நம்பர் யார் யார்கிட்ட இருக்கு?"

"லேப் முதலாளி. பொண்ணோட டீச்சர். அப்புறம் எங்க அண்ணன். வேற யாருக்கும் தெரியாது." பட்டு பல்லைக் கடித்தாள். "முதலாளியாத்தான் இருக்கும் மேடம். லேப்ல வெச்சுத்தான் பூட்டை ஆர்டர் பண்ணேன். தோளுக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரரோட தோஸ்துக்கு அவர்தான் பல்செட் செஞ்சு கொடுத்தார்."

"ஊர்ப் பல்லையெல்லாம் எண்ணுறவர்," என்றான் பார்சல். "கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றேன், அந்த ஆளேதான்."

"நீ கண்ணைத் திறந்துக்கிட்டுச் சொல்றதையே நான் நம்புறதில்லை," என்றாள் கமா. "மூணு பேருக்கும் இப்பவே போன் பண்ணுங்க. அவசரமா வீடு மாறிட்டேன்னு மட்டும் சொல்லுங்க. எங்கன்னு சொல்லாதீங்க. தேடுறவங்க தேடட்டும். பொண்ணை யார்கிட்டயாவது பத்திரமா விடுங்க."

மறுநாள் பட்டு லேபுக்கு லீவு சொல்லிவிட்டு, மகளைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தாள். மதியம் வரை எதுவும் நடக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே பஞ்சர் கடையில் டயரைத் தட்டுகிற சத்தம். எதிரே பெட்டிக்கடை, சலூன், போன் ரிப்பேர் கடை, எல்லாவற்றிலும் வழக்கமான கூட்டம். பார்சல் கதவுக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தான். லேப் முதலாளிக்காக அவன் இரண்டு மூன்று வசனங்கள் தயார் செய்து வைத்திருந்தான். எல்லாம் பல் சம்பந்தப்பட்டவை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு தட்டப்பட்டது. பார்சல் துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு திறந்தான்.

வாசலில் ஒரு கூச்ச சுபாவமான மனிதர் நின்றார். சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். கையில் குழந்தைக்கு வாங்கிய கலர் பென்சில் பெட்டி. அவர் மூக்கையும் நெற்றியையும் பார்த்ததும் பார்சலுக்கு விளங்கிவிட்டது. அதே மூக்கு உள்ளேயும் உட்கார்ந்திருந்தது.

"அண்ணா!" என்றாள் பட்டு.

தயார் செய்த வசனங்கள் எல்லாம் பார்சலின் தொண்டையிலேயே செத்துப்போயின. அவன் துடைப்பத்தை மெதுவாகச் சுவரில் சாய்த்தான். அவனுக்கும் ஒரு தங்கை உண்டு. அந்த நிமிடம் அவனுக்கு அந்த மனிதரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"இந்த விலாசம் உனக்கு எப்படித் தெரியும்?" பட்டு நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"நான்தானே பட்டு உன்னை அந்தப் பூட்டு வாங்கச் சொன்னேன்? எனக்கு வாங்கினப்பவே பார்த்தேன், நம்பரைப் போட்டா விலாசம் வருது." அண்ணன் அறையைச் சுற்றிப் பார்த்தார். வீடு போல் இல்லையே என்ற குழப்பம் முகத்தில் தெரிந்தது. "நீ ஏன் என்கிட்ட விலாசம் சொல்லலை?"

"உனக்குத் தெரிஞ்சா அவர் உன்னை அடிச்சுக் கேப்பார்னு சொல்லலை. உன்னைக் காப்பாத்தத்தான் சொல்லலை!"

"சாவியை அனுப்பினது நீங்கதானே?" என்று கேட்டாள் கமா.

அண்ணன் தலையாட்டினார். "மாப்பிள்ளைகிட்ட நான்தான் கேட்டு வாங்கினேன். சாவியைப் பார்த்தா மனசு இளகும்னு நினைச்சேன். அவர்கிட்ட அந்த விலாசத்தைக் கொடுக்கலை, சத்தியமா. அவர் மாறிட்டார் பட்டு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார்."

"அன்னைக்கு என் பொண்ணைத் தூக்கிக்கிட்டு அந்த வீட்டுல இருந்து ஓடி வந்தது நீதானே? என் முகத்துல ரத்தத்தைத் துடைச்சது நீதானே?"

"அப்ப கோவம். இப்ப என் மனசு ஆறிடுச்சு. எத்தனை நாளைக்குத் தனியா இருப்ப? நாலு பேர் நாலு விதமாக் கேக்குறாங்க."

"அடி வாங்கினது நான். ஆறினது உன் மனசா?"

அண்ணன் பென்சில் பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார். "கீழ வண்டியில உக்காந்திருக்கார். ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேங்கிறார்."

பார்சல் நினைத்துப் பார்த்தான். இது மட்டும் பட்டுவின் உண்மையான வீடாக இருந்திருந்தால், அந்த ஆள் இந்நேரம் அவள் வாசலில் நின்றிருப்பான். பென்சில் பெட்டியைப் பார்த்து ஆசையாக ஓடி வந்திருக்கும் குழந்தை. அவன் மறுபடியும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டான். "அக்கா, பின்பக்கமா ஒரு படி இருக்கு. இவங்களைக் கூட்டிட்டுப் போயிடட்டுமா?"

கமா பட்டுவைப் பார்த்தாள். "நீங்கதான் சொல்லணும்."

பட்டு போனை எடுத்தாள். அவசர போலீஸ் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நேராக ஜன்னலுக்குப் போனாள். கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள். கீழே சாம்பல் நிறக் காரில் ஒரு முழங்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"என் பேர் வேணுமா? சொல்றேன், எழுதிக்கோங்க!" என்றாள். ஒளித்து வைத்திருந்த நிஜப் பெயரைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். பஞ்சர் கடையில் டயர் தட்டுகிற சத்தம் நின்றது. "கோர்ட்டு உத்தரவை மீறி என் வீட்டுக்காரர் இங்க வந்து உக்காந்திருக்கார். சாம்பல் கலர் கார். உடனே வாங்க."

போனில் ஒரு பெண் குரல், இருக்கிற இடத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, நிரந்தர விலாசம் கேட்டது.

பட்டு மூச்சை இழுத்துக்கொண்டாள். "தண்ணித்தொட்டித் தெரு, பச்சை கேட் போட்ட வீடு, மூணாவது மாடி!" ஒவ்வொரு சொல்லும் முழங்கை நீட்டிய அந்தக் காரை நோக்கித்தான் போனது. "அங்கதான் இருக்கேன். அங்கதான் இருப்பேன். நல்லாக் கேட்டுக்கோ, நானே சொல்றேன்!"

சலூனில் பாதி சவரத்தோடு ஒருவர் வெளியே வந்து நின்றார். பெட்டிக்கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். போன் ரிப்பேர் கடைக்காரர் தெருவில் இறங்கி, காருக்கு முன்னால் கைகட்டி நின்றுகொண்டார். முழங்கை உள்ளே போனது. கண்ணாடி ஏறியது. கார் கிளம்பப் பார்த்தது, முன்னால் நின்றவர் நகரவில்லை. பஞ்சர் கடைப் பையன்கள் டயரை உருட்டிக்கொண்டு வந்து காரைப் பின்பக்கமும் மறித்தார்கள்.

அண்ணன் பதறிப்போய் ஜன்னலை மூட வந்தார். "என்ன பட்டு இது, அசிங்கமா! குடும்ப விஷயத்துக்கு எதுக்கு இப்படி ஊரைக் கூட்டுற?"

பட்டு அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"ஊர் இல்லாத இடத்துலதான் அண்ணா நான் இத்தனை அடியும் வாங்கினேன்."